லாந்தருக்கு நான் சொன்ன பொருள்

சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை, தான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து ஆறு மாதம் என்றாள். நானும் அதே வேலையில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பாயாசம் வருவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஐயா, ஒரு பழைய வழக்கேட்டிலை லாந்தர் எண்டு கிடக்கு. அந்தச் சொல் எங்கையிருந்து வந்தது? அதுக்குச் சரியான பொருள் என்ன?"

எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து இலைக்காரர் தலையில் தட்டினார். உலகத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, இந்தப் பிள்ளை போய் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவானேன்? "அது பெரிய கதை பிள்ளை, எழுதி அனுப்புறன்" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன். என் பெருமை பேசுவதற்கு அல்ல. வாசித்தால் தெரியும், பெருமை பேச இதில் ஒன்றும் இல்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் வன்னியில் ஒரு சின்னக் கோட்டுக்கு என்னை அனுப்பினார்கள். கோடு என்றால் நீதிமன்றம். அந்தக் காலத்தில் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது, சனம் தமிழில் இருந்தது, நடுவில் நான் இருந்தேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனை ஊரார் 'முதலியார்' என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதில் அந்தப் பட்டம் கிடைத்தால் எவனுக்கும் தலை நிமிரத்தான் செய்யும். எனக்குக் கழுத்து வலிக்கும் அளவுக்கு நிமிர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு மூத்த முதலியாரிடம் எட்டு மாதம் தொழில் படித்தேன். அவர் கற்பித்ததெல்லாம் ஒரே ஒரு பாடம். "தம்பி, நீர் ஒரு குழாய். வாற தண்ணியை விடும். சீனி போடாதையும்." மொழிபெயர்ப்பாளன் எடுக்கும் சத்தியப் பிரமாணமும் அதையேதான் சொல்லும்: கூட்டாமலும் குறைக்காமலும். எட்டு மாதமும் தலையாட்டினேன். ஆனால் என் பெட்டிக்குள் ஒரு பெரிய ஆங்கில அகராதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்தது. அதை ஏ எழுத்திலிருந்து வரிசையாக வாசித்து முடிப்பது என்று விரதம் எடுத்திருந்தேன். குழாய்க்குள் சீனி மூட்டையை ஒளித்து வைத்திருந்தேன் என்று சொல்லலாம்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரமான முறை உண்டு. சாட்சி "நான் கண்டனான்" என்றால், மொழிபெயர்ப்பாளனும் "நான் கண்டேன்" என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "இவர் கண்டாராம்" என்று சொல்லக்கூடாது. சாட்சியின் 'நான்' எனக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். ஆகவே நான் திறந்த நீதிமன்றத்தில், பல பேர் பார்த்திருக்க, மாடு களவெடுத்திருக்கிறேன். கசிப்புக் காய்ச்சியிருக்கிறேன். பக்கத்து வளவுக்காரனின் முன்பல் இரண்டை உடைத்திருக்கிறேன். எனக்குப் பெண் கொடுக்க யோசித்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், மாப்பிள்ளையின் உத்தியோகத்தை நேரில் பார்க்கலாம் என்று ஒருநாள் கோட்டுக்கு வந்தார். பிந்தி வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார். அவர் காதில் விழுந்த முதல் வசனம், நான் நல்ல ஆங்கிலத்தில், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது: "குடித்துவிட்டு என் மனைவியை அடித்தது உண்மைதான்." அந்தக் கலியாணம் ஒன்றரை வருடம் பிந்தியது.

எங்கள் நீதவான் கொழும்பிலிருந்து வந்த பறங்கிக் கனவான். மெலிந்த மனிதர். கச்சான் காற்று வீசும் காலத்துப் புழுதிக்குள்ளும் கறுப்புக் கோட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார். மேசையில் மூன்று பேனாக்கள் ஒரே நேரில் கிடக்க வேண்டும். சாட்சியங்களை அவரே தன் கையால் ஆங்கிலத்தில் எழுதுவார். ஒவ்வொரு வரி எழுதி முடிந்ததும் பேனா முனையை ஒரு பச்சைத் துணியில் துடைப்பார். துடைத்து முடியும் மட்டும் கோட்டில் ஒருவரும் மூச்சுவிடக்கூடாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, ஒரேயொரு தரத்தைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். கோபம் வந்தால் "அப்படியா?" என்று மெல்லக் கேட்பார். அந்த "அப்படியா"வைக் கேட்டுப் பெரிய பெரிய பிறக்கிராசிமாரே, அதாவது வக்கீல்மாரே, உள்ளே வந்த வழியை மறந்திருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல். ஒன்று 'சரி'. மற்றது 'கெதியா', அதாவது சீக்கிரம்.

வழக்குக்கு வருகிறேன்.

வட்டக்கச்சியில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் தீவுப் பக்கத்திலிருந்து வந்து வயல் செய்தவர் நாகமுத்தர். நாற்பது வயதிருக்கும். நெல் மூட்டைகளை இரட்டை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு விடியப்புறம் ஆலைக்குப் போகையில், பின்னால் வந்த லொறி இடித்துவிட்டது. வண்டில் சரிந்து, சுட்டியன் என்ற இடப்பக்க மாடு அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. வண்டிலில் விளக்கே இல்லை என்றான் லொறிச் சாரதி. இருட்டில் றோட்டில் போகிற வண்டிலின் பின்பக்கம் எரிகிற லாந்தர் தொங்க வேண்டும் என்பது விதி. பொலிஸார் நாகமுத்தர் மேல் வழக்குப் போட்டார்கள். அவருக்குப் பிறக்கிராசி இல்லை. தனக்காகத் தானே சாட்சிக் கூட்டில் ஏறினார்.

"நான் விளக்குக் கொளுத்தித்தான் கட்டினனான். போத்தல் லாந்தர், ஐயா. உள்ளை மெழுகுதிரி. நானே செய்தது" என்றார்.

சட்டத்தில் உள்ள சொல் லாந்தர். இவர் சொல்வதோ போத்தல். நீதவான் பேனாவைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "லாந்தர் என்று இவர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்" என்றார்.

"லாந்தர் எண்டு நீர் எதைச் சொல்லுறீர்?"

நாகமுத்தர் யோசிக்கவே இல்லை. "காத்துக்கு நூராத விளக்கு, ஐயா. வேறை என்ன?"

நூர்தல் என்றால் அணைதல். காற்றில் அணையாத விளக்கு. ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல் போதும். ஒரு மூச்சில் சொல்லிவிட்டு நான் அமர்ந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் நான் அகராதியில் எல் எழுத்தில் நின்றேன். கே எழுத்தில் நின்ற வாரம் இந்த வழக்கு வந்திருந்தால் நாகமுத்தருக்கு என்னால் ஒரு கெடுதியும் நேர்ந்திராது. லாந்தர் என்ற சொல்லை இரண்டு நாளுக்கு முன்புதான் வாசித்து, ஓரத்தில் கோடும் போட்டிருந்தேன். முன்வாங்கில் அப்புக்காத்துமார் என்ற பெரிய வக்கீல்மார் இரண்டு பேர் வேறு இருந்தார்கள். 'காத்துக்கு நூராத விளக்கு' என்பது அவர்கள் முன்னால் ஒரு பட்டிக்காட்டுப் பதிலாக எனக்குத் தோன்றியது. அந்த ஏழை மனிதருக்கு என் செலவில் நல்ல சட்டை போட்டு அனுப்புகிறேன் என்று எண்ணிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"லாந்தர் என்று நான் சொல்வது, நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்து, மேலே பிடி வைத்து, உள்ளே ஒளி வைத்த கூடு. பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனுக்கு அது கிரேக்கத்தில் தீவட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது."

நீதவான் எழுதிக்கொண்டே வந்தார். லத்தீனில் பேனா நின்றது.

"இவருக்கு லத்தீன் தெரியுமா?"

அப்புக்காத்துமார் சிரித்தார்கள். என் காது சுட்டது. "இல்லை ஐயா. லத்தீன் என்னுடையது" என்றேன்.

"அப்படியா?" என்றார் மெல்ல. லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒரு கோட்டால் வெட்டினார். பேனாவைத் துடைத்தார். முன்பாதி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே நாகமுத்தரின் சாட்சியமாக, அவருடைய 'நான்' ஆக, அது ஏட்டில் தங்கிவிட்டது.

வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன் கெட்டிக்காரன். உடனே பிடித்துக்கொண்டான்.

"உம்மடை விளக்குக்கு நாலு பக்கமும் கண்ணாடி இருந்ததோ?"

"இல்லை ஐயா. போத்தல் உருண்டையெல்லோ."

"பிடி இருந்ததோ?"

"இல்லை. கம்பியிலை தூக்கினனான்."

"அப்ப நீர் சொன்ன லாந்தர் உம்மடை வண்டிலிலை இருக்கேல்லை."

நாகமுத்தர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நாலு பக்கக் கதை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. மேலும் எட்டுப் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். எல்லாம் பக்கத்தைப் பற்றியும் பிடியைப் பற்றியும்தான். அவரும் பொறுமையாக, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாட்சியம் முடிந்ததும், எழுதியதைச் சாட்சிக்குத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் என் வேலை. ஏட்டைக் கையில் எடுத்து வரிவரியாகத் தமிழில் சொல்லி வந்தேன். அந்த வரி வந்தது. 'லாந்தர் என்று நான் சொல்வது, நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்த கூடு.' இதை நாகமுத்தர் முகத்தைப் பார்த்து வாசித்தால், "நான் எப்ப ஐயா அப்பிடிச் சொன்னனான்?" என்று கேட்பார். நீதவான் "என்ன சொல்கிறார்?" என்பார். அதையும் நானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். காலையில் கூட்டினேன், மத்தியானம் குறைத்தேன். ஒரே நாளில் பிரமாணத்தின் இரண்டு பாதியையும் முறித்த முதலியார் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாகமுத்தர் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தார். தீர்ப்பு அடுத்த அமர்வில், இரண்டு வாரத்துக்குப் பிறகு என்றார் நீதவான்.

வெளி விறாந்தையில் என்னை மறித்தார் நாகமுத்தர்.

"முதலியார் ஐயா, நான் அந்தக் காத்துக் கதை சொன்னனான். அதைத் துரைக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. அவர் படிச்ச மனிசன். விளங்கியிருக்கும்."

எதிரே பாலை மரத்தடியில் ஒரு பெண் சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. "உம்மடை ஆக்களோ?" என்று கேட்டேன்.

"பெண்சாதி. சிவக்கொழுந்து. மாடு செத்த நாளிலையிருந்து என்னோடை ஒரு கதை பேச்சு இல்லை, ஐயா. சுட்டியன் அவா கண்டுக்குட்டியிலையிருந்து வளத்த மாடு. தன்ரை தட்டிலை சோறு வைச்சு வளத்தவா. நான் விளக்கில்லாமல் போய் அதைச் சாகடிச்சுப்போட்டன் எண்டு நினைக்கிறா போலை." அவர் தலைப்பாகைத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தண்டம் அடிச்சால் அடிக்கட்டும். நான் விளக்குக் கொளுத்தித்தான் வந்தனான் எண்டு கோடு ஒருக்காச் சொன்னால் காணும். அதை அவா நம்புவா."

நான் தலையாட்டிவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போனேன். ஒரு வேலையும் இருக்கவில்லை. மைக்கூட்டைத் திறந்து பார்த்து மூடினேன்.

அந்த இரண்டு கிழமையும் எனக்கு நானே எடுத்துச் சொன்ன நியாயங்களைக் கேட்டிருந்தால் எந்த அப்புக்காத்தும் என்னைத் தன் சீடனாகச் சேர்த்திருப்பான். தண்டம் சின்னது. வழக்குச் சின்னது. மாடு எப்படியும் திரும்பி வராது. சொன்னால் எனக்கு வேலை போகும். வேலை போனால், ஏற்கெனவே என்னைப் பெண்சாதி அடிப்பவன் என்று நினைக்கும் தபாலதிபர் பெண்ணை வேறெங்காவது கொடுத்துவிடுவார். எல்லாம் சரியான நியாயங்கள். ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தால், தன் தட்டில் மாட்டுக்குச் சோறு வைத்த பெண் நினைவுக்கு வருவாள். சோறு இறங்காது. வெட்கமாக இருந்தது. அகராதியை எல் எழுத்தோடு மூடிவைத்தேன். எம் எழுத்தை இன்றுவரை ஒழுங்காக வாசிக்கவில்லை.

தீர்ப்பு நாளன்று காலை, நீதவானின் அறைக்குள் ஏடுகளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சீனியில்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், விழுங்கிய வரி உட்பட.

"அப்படியா?" என்றார்.

தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்து, கைப்பிடியை நேராகத் திருப்பினார்.

"இதை ஏன் எனக்குச் சொல்கிறீர்?"

"ஏட்டைத் திருத்த வேண்டும், ஐயா."

"பிழை இந்த அறையில் நடக்கவில்லை. திறந்த கோட்டில் நடந்தது. திருத்தமும் அங்கேதான் நடக்கும். கூட்டில் ஏறும்."

இப்படித்தான் நான் சாட்சிக் கூட்டில் ஏறினேன். அன்றைக்குப் பார்த்து வாங்குகள் நிறைந்திருந்தன. ஏறி, பிரமாணம் எடுத்த பிறகுதான் நீதவானுக்கே ஒரு சிக்கல் தெரிந்தது. நான் ஆங்கிலத்தில் சொல்வது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தமிழில் விளங்க வேண்டும். அதைச் செய்யக் கோட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான்.

"உம்மை நீரே மொழிபெயரும்" என்றார்.

நீதவான் ஆங்கிலத்தில் கேட்பார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். பிறகு நாகமுத்தர் பக்கம் திரும்பி, "நான் பிழை விட்டனான்" என்பேன். திரும்ப நீதவான் பக்கம். "சாட்சி சொன்னது வேறு, நான் சொன்னது வேறு." திரும்ப நாகமுத்தர் பக்கம். "நீர் சொன்னது வேறை, நான் சொன்னது வேறை." எத்தனையோ பேருடைய குற்றத்தை 'நான், நான்' என்று சொல்லிப் பழகிய வாய்தான். சொந்தக் குற்றம் என்று வந்ததும் அந்தச் சின்னச் சொல் பல்லுக்குப் பின்னால் நின்று அடம்பிடித்தது. சார்ஜன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டான். சிரிக்கிறான் என்று அவன் தோள் சொல்லியது.

"சாட்சி சொன்னதை இப்போது சொல்லும். அது மட்டும்" என்றார் நீதவான்.

"காற்றில் அணையாத விளக்கு" என்றேன்.

அதை எழுதினார். பழைய வரியை வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். நாகமுத்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. ஒரு பெரிய உத்தியோகத்தனுக்கும் கால் சேற்றில் புதையும் என்று கண்ட ஆச்சரியம் மட்டுந்தான்.

சார்ஜன் எழும்பினான். காற்றில் அணையாதது லாந்தர் என்றே வைத்துக்கொண்டாலும், சம்பவ நாள் கச்சான் பலமாக வீசியது. போத்தலுக்குள் வைத்த மெழுகுதிரி எப்படி எரிந்திருக்கும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. நீதவான் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அன்றும் கச்சான்தான். முற்றத்துப் புழுதி எழும்பி மரத்தை மறைத்தது.

"இவரால் இப்போது அப்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேளுங்கள்."

கேட்டேன். ஒரு சொல் கூடுதலாகக் கேட்கவில்லை.

"ஏலும் ஐயா. ஒரு போத்தலும் பால்பேணியும் மெழுகுதிரியும் தந்தால் செய்வன்" என்றார் நாகமுத்தர்.

பால்பேணி, அதாவது காலிப் பால் தகரம், தேநீர்க்கடையிலிருந்து வந்தது. மெழுகுதிரி கோட்டு அலுமாரியிலிருந்து வந்தது. போத்தல் என் விடுதியின் பின்பக்கத்திலிருந்து வந்தது. சாராயப் போத்தல். யாருடையது என்று நீதவான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு இரண்டாம் தரமும் கூட்டில் ஏறியிருப்பேன்.

எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினோம். நாகமுத்தர் குந்தியிருந்து, ஒரு நூலை மண்ணெண்ணெயில் தோய்த்துப் போத்தலின் அடிப்பக்கத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். நூலைக் கொளுத்தி, போத்தலை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். நெருப்பு அணையப்போகும் நேரம் வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். போத்தலின் அடி வட்டமாகக் கழன்று விழுந்தது. பால்பேணியைச் சுற்றிவர ஆணியால் ஓட்டைகள் போட்டு, நடுவில் மெழுகுதிரியை நட்டுக் கொளுத்தினார். அடியில்லாத போத்தலை மேலே கவிழ்த்து, இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, கம்பியால் சுற்றித் தூக்கினார். காற்று கீழ் ஓட்டையால் போய்ப் போத்தல் வாயால் வெளியேறும். ஆனால் சுடரில் மோதாது. கால்மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

முற்றத்து வண்டில் ஒன்றின் பின்பக்கம் அதைக் கட்டினார்கள். நீதவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் என்றார். காற்று அப்புக்காத்துமாரின் கறுப்புக் கோட்டைத் தூக்கித் தலையில் போட்டது. சார்ஜனின் தொப்பி வேலிவரை உருண்டு போனது. விளக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

பத்து நிமிடம் முடிந்தது. எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். அப்போதுதான் எங்கள் புத்திசாலித்தனம் எங்களுக்கே தெரிந்தது. பட்டப்பகல். கொளுத்துகிற வெயில். போத்தலோ மண்ணிறம். உள்ளே சுடர் இருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியவில்லை. நூந்து போச்சு என்றான் சார்ஜன். இல்லை என்றார் நாகமுத்தர். ஒரு அப்புக்காத்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மற்றவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

நீதவான் எல்லோரையும் விலக்கிவிட்டு முன்னே வந்தார். குனிந்து, போத்தல் வாய்க்கு நேர் மேலே தன் உள்ளங்கையைப் பிடித்தார்.

அன்றைக்குத்தான் அவர் குரலை உயர்த்திக் கேட்டேன். ஒரே ஒரு சொல். ஆங்கிலச் சொல். என் அகராதியில் அது டி எழுத்தில் இருந்தது.

"துரை என்ன சொன்னவர், ஐயா?" என்று பதறிக் கேட்டார் நாகமுத்தர்.

"எரியுதாம்" என்றேன்.

அதைவிடத் திருத்தமான மொழிபெயர்ப்பை நான் பிறகு ஒருநாளும் செய்யவில்லை.

உள்ளே போய், கையைப் பச்சைத் துணியால் சுற்றிக்கொண்டு தீர்ப்பை எழுதினார். வண்டிலில் லாந்தர் எரிந்தது என்று கோடு நம்புகிறது, குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலை. என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "நாளை முதல் அந்த அகராதி விடுதியிலேயே இருக்கட்டும்." பிறகு தமிழில், "சரி. கெதியா" என்று அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். வேலை தப்பியது.

இடைவேளையில் நாகமுத்தர் வந்து விறாந்தையில் நின்றார். வழக்கு வென்ற முகமாக இல்லை.

"ஐயா, அவா அங்கை இருக்கிறா. நான் சொன்னால் கேப்பாவோ தெரியாது. கோட்டு ஆள் நீங்க. நீங்க ஒருக்கா வந்து சொல்லுங்கோ."

மறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பாலை மரத்தடிக்குப் போனேன். அவர் பத்தடி பின்னால் நின்றுவிட்டார். சிவக்கொழுந்து எழும்பி நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பழகிய வழியில் வாய் தானாகவே போயிற்று.

"நான் விளக்குக் கொளுத்தித்தான் வந்தனான். அது நூரேல்லை. கோடும் அப்பிடித்தான் சொல்லுது. சுட்டியன் செத்தது என்ரை பிழையாலை இல்லை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் அவரைப் பார்த்தாள்.

"கொளுத்தினது எனக்குத் தெரியும். மெழுகுதிரி எடுத்துக் குடுத்ததே நான்தானே. வீட்டிலை முழுத் திரி இருந்தது. சாமிக்கு வேணுமெண்டு அதை வைச்சிட்டு, கட்டைத் திரியைக் குடுத்தனான். அது வழியிலை முடிஞ்சு போச்சோ, நான்தான் என்ரை மாட்டைச் சாகடிச்சுப்போட்டனோ எண்டு..." அவள் சோற்றுப் பொதியை இறுக்கிப் பிடித்தாள். "அதைச் சொல்லப் பயந்துதான் வாய் திறக்கேல்லை."

நான் திரும்பினேன். பத்தடி தூரம். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன்.

"நான் குடுத்தது கட்டைத் திரி. அது இடையிலை முடிஞ்சு போச்சோ எண்டு பயந்து போனன். அதைச் சொல்லப் பயந்துதான் வாய் திறக்கேல்லை."

நாகமுத்தர் வலக்கையை நீட்டினார். உள்ளங்கையில் காசளவு ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல்.

"வண்டில் சரிஞ்சாப்போலை சுட்டியனைத் தூக்கிவிடக் கை வைச்சனான். போத்தல் உடைஞ்சு மெழுகு கொதிக்கக் கொதிக்கக் கையிலை ஊத்துப்பட்டது. திரி அப்பவும் எரிஞ்சுதான் கிடந்தது. சொல்லுங்கோ ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதை ஏன் கோட்டிலை சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே. எல்லாரும் நாலு பக்கத்தைத்தானே கேட்டவை."

என் கண்ணாடிக் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கேட்டதில், அந்தக் கையை ஒருவரும் பார்க்கவில்லை. நான் சிவக்கொழுந்து பக்கம் திரும்பினேன்.

"உன்ரை திரி கடைசி மட்டும் எரிஞ்சது. என்ரை கையிலை சுட்டிருக்கு."

அவள் பொதியை மரத்தடியில் வைத்துவிட்டு என்னைக் கடந்து போனாள். அவருடைய கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். "இதுக்கு ஒண்டும் பூசேல்லையே நீங்க?" என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு விறாந்தைக்குத் திரும்பினேன்.

பிள்ளை, நீ கேட்டதற்கு இதுதான் பதில். சொல் எங்கிருந்து வந்தது என்பதை எந்த அகராதியும் சொல்லும். போர்த்துக்கீசர் விட்டுப் போனார்களோ, ஒல்லாந்தர் விட்டுப் போனார்களோ, அவர்கள் சண்டை பிடித்துக்கொள்ளட்டும். பொருளை மட்டும் என்னிடம் வாங்கிக்கொள். லாந்தர் என்றால் காத்துக்கு நூராத விளக்கு. வட்டக்கச்சி நாகமுத்தர் சொன்னது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.